வணக்கம் டெஸ்ட்

பட்டன் எங்க? பச்சையா ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா போதும்னு சொன்னீங்க, இந்த மெயில்ல வெறும் எழுத்துதான வந்திருக்கு, இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இதான சொல்ல வந்தீங்க. நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம், எனக்கு மனப்பாடம். போன வாரம் ஒருத்தர் போன்ல கத்தினாரு, வரிக்கு வரி இதேதான். போன்ல கத்தறவங்களை ஸ்பீக்கர்ல போட்டுட்டு நான் பாட்டுக்குப் பாத்திரம் கழுவிடுவேன். நேர்ல வந்து நிக்கிறவங்களை என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. இதுக்குன்னு வீடு தேடி வந்த முதல் ஆள் நீங்கதான்.

சரி, வாசல்ல எதுக்கு, உள்ள வாங்க. பார்த்து, கதவுக்குப் பின்னாடி பெட்டி இருக்கு. இடிச்சுக்கிட்டீங்களா? இந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அதுல ஒரு இடி வாங்கிட்டுதான் உள்ள வருவாங்க. உள்ள பழைய துணி. மேல இருக்கிற அட்டைப்பெட்டி பிரிண்டர் வந்தது. இந்த வீட்ல எதுமேல கொஞ்சம் இடம் இருந்தாலும் அங்க இன்னொண்ணைக் கொண்டுபோய் வெச்சாதான் ஆம்பளைங்களுக்குத் தூக்கம் வரும்.

அந்த நாற்காலி வேண்டாம், அது முதலாளி நாற்காலி, சுத்தும். இதுல உக்காருங்க. முதலாளின்னா என் வீட்டுக்காரர். இருந்த வேலையை விட்டுட்டு இந்த வெப்சைட்டை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் அப்படித்தான் கூப்பிடறேன். கிண்டல்னு அவருக்கு இன்னும் உறைக்கல. சந்தோஷமா திரும்பிப் பார்ப்பாரு. கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அவர் தம்பி, அவரைச் சின்னவர்னு சொல்லுவோம். ரூம் வாடகைக்கு விடறவங்களையும் ரூம் தேடறவங்களையும் சேர்த்து வைக்கிறாங்களாம். ரெண்டு பேரும் வெளிய போயிருக்காங்க. ஐம்பது ரூம் இருக்கிற கட்டடம் ஒண்ணு, அதோட ஓனரைப் பிடிச்சுச் சைட்ல போடணும்னு. நாலு மணி ஆகும் வர.

கையில இருக்கிற அந்த மெயில் பேப்பரைக் குடுங்க, சைட்ல உங்க கணக்கை நான் கையாலயே உறுதி பண்ணி விட்டுடறேன். அஞ்சு நிமிஷ வேலை. குடுங்க. ஏன் மடியில வெச்சு அழுத்திக்கிறீங்க, நான் என்ன பிடுங்கவா போறேன்?

சரி, வெச்சுக்குங்க. தண்ணி குடிங்க முதல்ல.

ஏன் பட்டன் வரலைன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. எனக்கே சின்னவர் சொல்லித்தான் தெரியும். சைட்ல புதுசா ஒருத்தர் பேரைப் பதிவு பண்ணா உடனே ஒரு மெயில் போகும். நீங்க நீங்கதானான்னு உறுதி பண்ணிக்க. அந்த மெயில் ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒரே உறைக்குள்ள ரெண்டு கடுதாசின்னு வெச்சுக்குங்களேன். மேல இருக்கிறது அலங்காரக் கடுதாசி. கலர், வீட்டுப் படம், பச்சைப் பட்டன், எல்லாம் அதுல. அடியில இருக்கிறது வெறும் எழுத்து. பழைய மெஷின், படம் காட்டத் தெரியாத மெஷின், அதுங்களுக்காக. வாங்கற மெஷின் தனக்கு எது முடியுமோ அதை எடுத்துக் காட்டும், இன்னொண்ணு உள்ள இருக்கிறதே தெரியாது. உங்க வீட்டு மெஷின் என்ன வயசு? அப்ப சரிதான். பதினாறு வயசு மெஷினுக்கு அலங்காரம் எதுக்குன்னு அது நினைச்சிருக்கும். நியாயம்தான்.

அந்த அலங்காரத்துக்கு இவங்க பட்ட பாடு இருக்கே. பட்டன் என்ன பச்சைன்னு முடிவு பண்ண பதினோரு நாள். இதே மேஜையில உக்காந்து. இந்தப் பச்சை ஆஸ்பத்திரி மாதிரி இருக்குங்கறாரு அண்ணன். அந்தப் பச்சை கீரை மாதிரி இருக்குங்கறாரு தம்பி. என் கல்யாணத்தை இவங்க வீட்ல ஒரு சாயங்காலத்துல முடிவு பண்ணாங்க. அதைச் சொன்னேன். ரெண்டு பேரும் கேட்டுட்டு, சரி, பட்டன் மூலையைக் கொஞ்சம் வளைச்சுப் பார்ப்போமான்னு கேட்டாங்க.

ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் மெயிலை அனுப்பிப் பார்க்கணுமில்ல. யாருக்கு அனுப்பறது? எனக்கு. என்னைப் பதிவு பண்ணியிருக்காங்க சைட்ல. பேர்னு இருக்கிற கட்டத்துல என் பேரைப் போடக்கூட நேரமில்ல முதலாளிக்கு, டெஸ்ட்னு அடிச்சு வெச்சுட்டாரு. நான் அடுப்படியில நிப்பேன், போன் டிங்குன்னு சத்தம் போடும். பார்த்தா, வணக்கம் டெஸ்ட், நீங்கள் நீங்கள்தான் என்பதை உறுதி செய்யவும். ஈரக் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு அமுக்குவேன். ஹால்லேர்ந்து குரல் வரும், வந்துச்சா? வந்துச்சு. பச்சையா இருக்கா? இருக்கு. அவ்வளவுதான் பேச்சு. இருநூறுக்கு மேல வந்திருக்கும். இருபத்தஞ்சு வருஷத்துல என் வீட்டுக்காரர் எனக்கு எழுதின கடுதாசி எல்லாம் இதுதான், அதுலயும் என்னை யாருன்னு கேக்கறாரு.

சிரிக்கலாம், தப்பில்ல. நானே சிரிச்சிருக்கேன்.

என்னது? பட்டனுக்காக வரலையா?

பின்ன எதுக்கு வந்தீங்க?

ஓ. அதைப் படிச்சீங்களா.

அது சும்மாங்க. அது ஒண்ணுமில்ல. அதை எல்லாம் யாராவது பெருசா எடுத்துக்குவாங்களா? சொல்றேன். இவங்க அலங்காரக் கடுதாசியை முடிச்சுட்டாங்க. அடியில இருக்கிறதுக்கு ஏதாவது எழுதணும், இல்லைன்னா சைட் ஓடமாட்டேங்குது. அன்னிக்கே ஆரம்பிக்கணும்னு முதலாளி தலைகால் தெரியாம குதிக்கறாரு. சின்னவர் என்கிட்ட வந்து, அண்ணி, நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க, கமா எல்லாம் கரெக்டா போடுவீங்க, இந்தக் கட்டத்துல ஏதாவது நாலு வரி அடிச்சு வைங்க, அப்புறமா நான் சரியா எழுதி லிங்க் போட்டுக்கிறேன், யாரும் பார்க்க மாட்டாங்கன்னாரு. நான் சமையலை இறக்கி வெச்சுட்டு வந்து உக்காந்து அடிச்சேன். ஏதாவதுன்னு சொன்னா என்ன அடிக்கிறது? ரூம் சைட், அதனால ரூம் பத்தி அடிச்சேன். அப்புறம் அந்த அப்புறம் வரவே இல்ல. இவங்க மெஷின் எல்லாம் புதுசு, அலங்காரம் மட்டும்தான் காட்டும். அடியில என்ன இருக்குன்னு ரெண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் தெரியாது. அவ்வளவுதான் கதை. பேப்பரைக் குடுங்க.

படிச்சுக் காட்ட வேண்டாம். நான் எழுதினது எனக்குத் தெரியாதா?

சரி, படிங்க.

ஒரு அறை தேவை. ஒரு பெண்ணுக்கு மட்டும். வயது நாற்பத்தொன்பது. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தால் போதும். தகவல் சொல்ல நேரில் வரவும். மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள். கீழே இந்த வீட்டு அட்ரஸ்.

நல்லா படிக்கிறீங்க. நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தி. என்ன வேலை பார்த்தீங்க நீங்க? டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டா? முப்பத்திரண்டு வருஷமா? அதான். வர்ற மெயிலை எல்லாம் பிரிண்ட் எடுத்துத் தேதிவாரியா ஃபைல் பண்றவங்களை நான் இப்பதான் பார்க்கறேன். அப்ப உங்களை டீச்சர்னே கூப்பிடறேன். அம்மான்னு கூப்பிட்டா எனக்கு என் மாமியார் ஞாபகம் வருது.

தப்பே இல்லைன்னா? எழுத்துப் பிழையைச் சொல்றீங்களா? ஆமா, இல்ல. இருக்காது. எங்க ஸ்கூல்ல கடிதம் எழுத ஒரு சிஸ்டர் சொல்லிக் குடுப்பாங்க. ஸ்கேலைக் கையில வெச்சுக்கிட்டு. ஒரு கடிதத்துல ஒரு வேண்டுகோள்தான் இருக்கணும், ரெண்டு வேண்டுகோள் இருந்தா ரெண்டும் குப்பைக்குத்தான் போகும்பாங்க. அந்தப் பழக்கம். சும்மா அடிச்சாலும் ஒழுங்கா அடிச்சுடுவேன்.

சும்மாதான் டீச்சர். அட்ரஸா? முதலாளி எல்லா மெயில்லயும் வீட்டு அட்ரஸ் இருக்கணும்பாரு, அப்பதான் நம்பிக்கை வருமாம். நேரமா? நேரம்னா, ஏதோ ஒரு நேரம் போடணும்னு போட்டேன். ரெண்டிலேர்ந்து நாலுன்னு கை அடிச்சுடுச்சு. அந்த நேரத்துல இவங்க வெளிய போவாங்கங்கறது அப்ப எனக்கு... சரி, தெரியும். நீங்க ரெண்டேகாலுக்குக் கரெக்டா மணி அடிச்சீங்க. நான் யோசிச்சிருக்கணும். பட்டனுக்கு வர்றவங்க நேரம் பார்த்தா வருவாங்க?

இருங்க, லிஃப்ட் சத்தம். இல்ல, மேல போகுது. மூணாவது மாடி.

எனக்கு என்ன குறைச்சல் இங்க, நீங்களே பாருங்க. கஷ்டப்படுத்தறாங்களான்னு கேக்கறீங்க. சேச்சே. யாரும் கை ஓங்கினதில்ல, குரல் உசத்தினதில்ல. குரல் எல்லாம் வந்துச்சாங்கறதுக்குத்தான். வீடு முழுக்க காத்து, வெளிச்சம். மூணு ரூம். ஒண்ணுல சின்னவர் தூங்கறாரு. ஒண்ணுல முதலாளியும் நானும், அவரோட ரெண்டு கம்ப்யூட்டரும். ராத்திரி எல்லாம் ஒரு சின்ன நீல விளக்கு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். மூணாவது என் பையன் ரூம். படிக்க வெளியூர் போனான். போன அன்னிக்கு நான் அதைக் கூட்டித் துடைச்சு, அவன் மேஜையை ஜன்னல் பக்கமா இழுத்துப் போட்டேன். ஒரு புஸ்தகத்தை வெச்சுட்டு வந்தேன் அதுமேல, இடம் பிடிச்சு வைக்கிற மாதிரி. பஸ் சீட்ல கர்ச்சீப் போடறோமில்ல, அப்படி. ஒரு வாரம். அடுத்த திங்கக்கிழமை பார்த்தா மேஜை இந்த ஹாலுக்கு வந்துடுச்சு. இதோ, நீங்க தண்ணி டம்ளர் வெச்சிருக்கீங்களே, இதேதான். ரூமுக்குள்ள பெரிய மெஷின். அதுக்குச் சூடு ஆகாதாம், அதுக்குன்னு ஏசி மாட்டினாங்க. அடுப்படியில இருபத்தஞ்சு வருஷமா நிக்கிறவளுக்குச் சூடு ஆகும் போல. புஸ்தகம் எங்கங்கன்னு கேட்டேன். மெஷினுக்கு அடியில முட்டு குடுத்திருக்காங்க, ஒரு பக்கம் ஆடுதுன்னு.

புகார் எல்லாம் இல்ல டீச்சர். நீங்க கேட்டீங்க, சொல்றேன்.

இந்த ஊர்ல யாருக்கு ரூம் வேணும்னாலும் என் வீட்டுக்காரர் பார்த்துக் குடுப்பாரு. நாலாயிரம் பேர் இருக்காங்க சைட்ல. மாணவனுக்கு ரூம், நர்ஸுக்கு ரூம், நாய் வளர்க்கிறவருக்கு ரூம். அலங்காரக் கடுதாசியில மேல பெருசா போட்டிருக்கு, உங்களுக்கென்று ஓர் இடம். அதை எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். முதலாளி உங்களுக்கான சிறந்த தீர்வுன்னு எழுதி வெச்சிருந்தாரு, வயித்துவலி மருந்து மாதிரி. நான் மாத்தினேன். அடடா, பிரமாதம்னாரு. எப்படித் தோணுச்சு உனக்குன்னு மட்டும் கேக்கல.

அதனால அது டெஸ்ட்டுக்கு அடிச்சது. நான் டெஸ்ட், நான் அடிச்சது டெஸ்ட். முடிஞ்சுது. உங்களை இவ்வளவு தூரம் அலைய வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. உங்க கணக்கை உறுதி பண்ணிடறேன், நீங்க வாடகைக்கு விட நினைக்கிற ரூமைச் சைட்ல போட்டுக்கலாம், நாளைக்கே ஆள் வந்துடும்.

அது என்ன, இன்னொரு பேப்பரா?

இது எப்ப வந்தது உங்களுக்கு?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியா. அப்பவும் நீங்க பதிவு பண்ணியிருந்தீங்களா? பாஸ்வேர்டை மறந்துட்டு இப்ப மறுபடி புதுசா. ஓ. அப்பவும் பட்டன் வராம நீங்க போன் பண்ணி, நான்தான் உறுதி பண்ணி விட்டேனா? இருக்கும். பதினேழு பேர் கூப்பிட்டிருக்காங்க இதுவரைக்கும். எண்ணி வெச்சிருக்கேன். பதினேழு பேரும் அந்த நாலு வரியைப் படிச்சவங்கதான். கண்ணு முன்னாடி ஒரு பொம்பளை ரூம் கேட்டு நிக்கிறா. பதினேழு பேரும் பட்டன் எங்கன்னு கேட்டாங்க. நீங்களும் அதைத்தான் கேட்டீங்க அப்ப. நான் ஒவ்வொரு தடவையும் போனை எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டவ்வை அணைச்சுட்டு எடுப்பேன், அமைதியா இருக்கட்டும்னு. அப்புறம் பட்டன்னு ஆரம்பிப்பாங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பாத்திரத்துக்குப் போயிடுவேன்.

குடுங்க, இந்தப் பழசைப் பார்க்கறேன். நானே பார்த்து ரொம்ப நாள் ஆச்சு.

ஒரு அறை தேவை. ஒரு பெண்ணுக்கு மட்டும். வயது நாற்பத்தேழு. கிழக்குப் பார்த்த ஜன்னல், ஒரு மேஜை, தனி அடுப்பு, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும். பக்கத்தில் பூங்கா இருந்தால் நல்லது. கீழே அதே நேரம், அதே அட்ரஸ்.

பூங்கா. எவ்வளவு திமிர் பாருங்க.

ஆமா, வயசு மாறியிருக்கு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கறீங்களே டீச்சர். சும்மா அடிச்ச எழுத்துக்கு யாராவது வருஷா வருஷம் வயசை ஏத்துவாங்களான்னு கேக்கறீங்க. கேளுங்க. கேக்க வேண்டியதுதான். முதலாளிக்கு அலங்காரத்துல ஏதாவது வார்த்தை மாத்தணும்னா என்னைத்தான் உக்கார வைப்பாரு. மேல அவருக்கு வேண்டியதை மாத்துவேன். அப்படியே கீழ இறங்கி எனக்கு வேண்டியதையும் மாத்துவேன். சின்னவர் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பாரு, போனைப் பார்த்துக்கிட்டு. முதல்ல பூங்காவை எடுத்தேன். அப்புறம் அடுப்பை, எதுக்கு அது, ஒரு வேளை சாப்பிடாட்டி செத்தா போயிடுவேன். ஒருநாள் மேஜையை எடுத்தேன். ஜன்னலை மட்டும் ரொம்ப நாள் விட்டு வெச்சிருந்தேன். இந்த வருஷம் என் பிறந்தநாள் அன்னிக்கு அதையும் எடுத்தேன். சிஸ்டர் சொன்னதுதான் சரி. நான் அஞ்சு வேண்டுகோள் வெச்சிருந்தேன், அதான் எவனும் பதில் போடல. இப்ப ஒண்ணே ஒண்ணுதான்.

அன்னிக்கும் போன் டிங்குன்னுச்சு. வணக்கம் டெஸ்ட்.

அழலை, தூசி. இந்த மெஷினுங்க இருக்கிற வீட்ல தூசி எங்கேர்ந்துதான் வருமோ.

அப்பவே ஏன் வரலைன்னு நான் உங்களைக் கேக்கல. ஃபைல் பண்ணியாவது வெச்சீங்களே. மத்தவங்க குப்பையில போட்டிருப்பாங்க. அப்ப உங்க ரூம்ல ஆள் இருந்தாங்க, சரி. இப்ப காலி பண்ணிட்டாங்க, அதைச் சைட்ல போடலாம்னுதான் மறுபடி பதிவு பண்ணீங்க. இந்த மெயிலைப் பார்த்துட்டுப் பழைய ஃபைலை எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தீங்க. டைப்பிங் டீச்சர் இல்லையா, விட்டுப்போன வார்த்தைதான் முதல்ல கண்ணுல படும்.

ஒண்ணு கேக்கறேன். முகத்துக்கு நேரா கேட்டுடறேன், எனக்குப் பொறுமை கிடையாது, என் மாமியார் சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. உங்க கணக்கை நான் உறுதி பண்ணப் போறதில்ல. பண்ணா உங்க ரூம் லிஸ்ட்டுக்குப் போயிடும், நாளைக்குக் காலையில நாய் வளர்க்கிறவர் வந்து நிப்பாரு. நீங்களும் முதலாளிக்குப் போன் பண்ணிக் கேக்காதீங்க. அந்த ரூமை லிஸ்ட்ல போடாதீங்க டீச்சர். நான் ரெண்டு தெரு தள்ளி ஸ்கூல் பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கப் பேசி வெச்சிருக்கேன், வாடகை தேதிக்கு வந்துடும். சத்தம் வராது என்னால. இப்ப பேசறேன்னு பார்க்காதீங்க, இது ரெண்டு வருஷப் பேச்சு, இதோட தீர்ந்துடும்.

கீழ கேட் திறக்குது. அது எங்க பைக் சத்தம்தான், எனக்குத் தெரியும், நாலு ஆகறதுக்குள்ளயே வந்துட்டாங்க. லிஃப்ட் மேல நிக்குது, இறங்கி வர ரெண்டு நிமிஷம். பேப்பரை ரெண்டையும் பையில வைங்க. நீங்க பட்டன் கேட்டு வந்தவங்க, உங்களுக்குப் பதில் சொல்லிட்டேன், கிளம்பறீங்க. நான் உங்களைக் கீழ வரைக்கும் கொண்டுவிட வர்றேன். படியில போயிடலாம்.

அந்த அட்டைப்பெட்டியை மட்டும் இப்படி நகர்த்துங்க. அடியில இருக்கிற பெட்டிக்குள்ள பழைய துணி இல்ல. என் சாமான், எட்டு மாசமா அடுக்கி வெச்சது. தினம் ரெண்டு பேரும் அதுல கால் இடிச்சுக்கிட்டுதான் போறாங்க, என்னன்னு கேட்டதில்ல.

ஜன்னல் இருக்கா இல்லையான்னு நீங்க சொல்ல வேண்டாம். நான் கேக்க மாட்டேன்.

பெட்டியை எடுத்துக்கவா, டீச்சர்?